மருத்துவ டிஜிட்டல் நூலகம்: எங்கள் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த புதிதில் கவுண்டரில் அதிகம் கேட்ட கேள்வி, "அந்தப் புத்தகம் திரும்பி வந்துடுச்சா சார்?" என்பது. இப்போது, "சார், லிங்க் திறக்கலை." கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தீசிஸ் அவசரத்தில் இருக்கும் பிஜி மாணவர்கள். மீதிப் பேர் பதவி உயர்வுக்குக் கட்டுரை போட வேண்டிய பேராசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில பதில்கள் இரண்டு வரி. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் விஷயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் நூலகம் என்று தனியாக எதற்கு? பப்மெட் போதாதா?

பப்மெட் ஓர் அட்டவணை. எந்தக் கட்டுரை, எந்த ஜர்னல், எந்த வருஷம், யார் எழுதியது, சுருக்கம் என்ன என்பதைச் சொல்லும். முழுக் கட்டுரை கையில் கிடைக்குமா என்பது வேறு விஷயம். இதன் கதை பழையது. 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், வெளியாகும் மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்து 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற மாத அட்டவணையை அச்சிடத் தொடங்கினார். 1964-இல் அந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது. 1971-இல் மெட்லைன் என்ற ஆன்லைன் தேடல் வசதி வந்தது. 1997-இல் பப்மெட் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று அதில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன.

முழுக் கட்டுரையை இலவசமாக வைத்திருப்பது 2000-இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். பப்மெட்டில் தலைப்பு தெரிந்து, சுருக்கமும் படித்து, அடுத்த கிளிக்கில் 40 டாலர் கேட்கிறதே, அந்த இடத்தில்தான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

கல்லூரி லட்சக்கணக்கில் கட்டுகிறதே, அப்போது அந்த ஜர்னல்கள் நம்முடையவைதானே?

இல்லை. பெரும்பாலும் அது வாடகை.

எங்கள் நூலகத்தின் பின்பக்கம் பைண்டு செய்த வால்யூம்கள் இருக்கின்றன. 1970-களின் ஜர்னல்கள். முதுகில் தங்க எழுத்து மங்கிப்போய், தொட்டால் விரலில் சிவப்புத் தோல் ஒட்டும். அவற்றுக்குச் சந்தா நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எடுத்துப் படிக்கலாம், ஜெராக்ஸ் போடலாம். இ-ஜர்னலில் அந்த வசதி கிடையாது. சந்தா நின்ற அன்றைக்கே, போன வருஷம் பணம் கட்டிப் படித்ததும் சேர்த்து மூடிவிடும். "கட்டிய வருஷங்களுக்கு நிரந்தர அனுமதி உண்டு" என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் தப்பிக்கலாம். அந்த வரி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு வருஷம் புதுப்பிப்பு ஃபைல் கணக்குப் பிரிவில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போக மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. சரியாக தீசிஸ் சமர்ப்பிக்கும் மாதம். காலையில் வந்தால் எல்லா ஸ்கிரீனிலும் "உங்கள் நிறுவனத்துக்கு அனுமதி இல்லை." முதல் நாள் ராத்திரிவரை பாதி படித்து வைத்திருந்த கட்டுரையை மறுநாள் காட்டாத நூலகத்தை அந்த மாணவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும்தான். அந்த மூன்று வாரமும் பழைய வால்யூம் அறைக்கு மறுபடி கூட்டம் வந்தது, அட்டெண்டர் தூசி தட்டிக் கொடுத்தார்.

ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, இனி கவலை இல்லையே?

நல்ல திட்டம். அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மத்திய அரசே ஜர்னல் சந்தா கட்டுவது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள், சுமார் 6,300 அரசு நிறுவனங்கள். ஒருங்கிணைப்பது, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட். முன்னெல்லாம் ஒரு மாவட்டத் தலைநகர் மருத்துவக் கல்லூரி கனவில்கூட வாங்க முடியாத தொகுப்பு இது.

ஆனால் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டியது. முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கு. தனியார் மருத்துவக் கல்லூரிகள் அதில் வரவில்லை. ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ், ஒரே பரீட்சை எழுதும் இரண்டு மாணவர்களில் ஒருவருக்குக் கட்டுரை திறக்கும், இன்னொருவருக்குத் திறக்காது. ஊரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு இதில் இடமே இல்லை.

இரண்டாவது, ஒப்புதல் கொடுத்த தொகை 2025, 2026, 2027 என்ற மூன்று வருஷத்துக்கு. அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தையில் பதிப்பகங்கள் என்ன விலை சொல்லும்? அதற்குள் கல்லூரிகள் தங்கள் சொந்தச் சந்தாவையும், அதற்கான பட்ஜெட் தலைப்பையும் எடுத்துவிட்டிருக்கும். ஒருமுறை போன பட்ஜெட் தலைப்பைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அரசு அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்குக்கூடத் தெரியும்.

ஹாஸ்டலில் திறக்கிறது, வீட்டில் திறக்கவில்லை. ஏன்?

கல்லூரி நெட்வொர்க்கின் அடையாள எண்ணான ஐபி முகவரியை வைத்துத்தான் பல பதிப்பகங்கள் ஆளை அடையாளம் காண்கின்றன. வெளியே போனால் தனி லாகின் வேண்டும். அதை எங்களிடம் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். நண்பரின் பாஸ்வேர்டில் நுழைந்து ராத்திரியோடு ராத்திரியாக ஐந்நூறு பிடிஎஃப் இறக்காதீர்கள். பதிப்பகத்தின் கம்ப்யூட்டர் அதைத் திருட்டு என்று நினைத்து மொத்தக் கல்லூரிக்கும் கதவைச் சாத்திவிடும். மறுநாள் மன்னிப்பு மெயில் எழுதுவது நான்.

சை-ஹப்பில் எடுத்தால் என்ன தப்பு?

சட்டப்படி சிக்கல். பணம் கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் தளம் அது, 2011-இல் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் தொடங்கியது. எல்ஸெவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் என்ற மூன்று பதிப்பாளர்களும் சேர்ந்து 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அதை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நூலகர் என்ற முறையில் அதற்கு வழி சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு பேர் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்காமல் தளத்தை மட்டும் முடக்கினால் தேவை அப்படியே இருக்கும்.

சட்டப்படி செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். கட்டுரை எழுதியவருக்கே ஒரு மெயில் போடுங்கள். நான்கு வரி போதும். பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சந்தோஷமாக அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பதிப்பகம் ஒரு பைசா கொடுப்பதில்லை, யாராவது படித்தால் போதும் என்றுதான் இருப்பார்கள்.

எல்லாமே ஓப்பன் ஆக்ஸஸ் ஆகிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

ஓப்பன் ஆக்ஸஸ் என்றால் யாரும் இலவசமாகப் படிக்கலாம். படிப்பவருக்குத் தீரும், எழுதுபவருக்கு ஆரம்பிக்கும். பல ஜர்னல்களில் ஓப்பன் ஆக்ஸஸ் என்றால் வெளியிடும் கட்டணத்தை எழுதியவர் கட்ட வேண்டும். 'நேச்சர்' 2021-இல் இந்த முறையைத் தொடங்கியபோது அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. நம் பிஜி ஒருவருக்கு அது பல மாத ஸ்டைபெண்ட் பணம். எல்லா ஜர்னலும் அவ்வளவு கேட்பதில்லை, கட்டணமே இல்லாதவையும் உண்டு. ஆனால் வாசலில் இருந்த பூட்டு கொல்லைக் கதவுக்கு மாறியிருக்கிறது என்பது நிஜம்.

இந்தச் சந்தில்தான் போலி ஜர்னல்கள் நுழைந்தன. "மதிப்பிற்குரிய பேராசிரியரே, தங்கள் மகத்தான கட்டுரையைக் கண்டு வியந்தோம்" என்று முதல் வருஷ மாணவருக்கு மெயில் வந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டால் இன்னும் சந்தேகப்படுங்கள். பணம் கட்டும் முன் எங்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள், பத்து நிமிஷ வேலை. கட்டிய பிறகு காட்டினால் நான் டீ மட்டும்தான் வாங்கித் தர முடியும்.

பெரிய ஜர்னலில் வந்த கட்டுரை என்றால் நம்பலாம்தானே?

2020 மே 22 அன்று 'லான்செட்' என்ற பெரிய மருத்துவ ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்த கோவிட் நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்றது. சில நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது. தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, சர்ஜிஸ்ஃபியர் என்ற அந்த நிறுவனம் மூலத் தரவைத் தணிக்கைக்குக் காட்டவில்லை. இரண்டே வாரத்தில், ஜூன் 4-இல், கட்டுரை வாபஸ். (அந்த மருந்து கோவிடுக்குப் பலன் தரவில்லை என்பது பின்னால் ஒழுங்கான சோதனைகளில் தெரிந்தது. அதற்காக இந்தக் கட்டுரை சரியாகிவிடாது.)

டிஜிட்டல் நூலகத்துக்கு இதில் என்ன சங்கடம் என்றால், தளத்தில் இருக்கும் பக்கத்தில் 'வாபஸ்' என்று சிவப்பில் போட்டுவிடலாம். மே மாதமே ஒருவர் இறக்கி, டெஸ்க்டாப்பில் வைத்து, வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த பிடிஎஃபுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அது பழைய முகத்தோடேயே சுற்றிக்கொண்டிருக்கும். அச்சு காலத்திலும் இந்தப் பிரச்சினை இருந்தது, ஆனால் ஒரு ஊருக்கு ஒரு பிரதிதான் இருந்தது.

அளவும் பெருகிவிட்டது. 2023-இல் மட்டும் உலகம் முழுக்க 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் வாபஸ் ஆயின. அதில் 8,000-க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் ஜர்னல்கள். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்துத் தரும் கூட்டங்கள் உள்ளே புகுந்ததுதான் பெரிய காரணம். ஹிந்தாவியை அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் வைலி வாங்கியிருந்தது.

செய்ய வேண்டியது எளிது. ரெஃபரன்ஸ்களை ஜோட்டெரோ போன்ற மென்பொருளில் வையுங்கள், அது வாபஸ் ஆன கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் பட்டியலோடு ஒப்பிட்டு எச்சரிக்கும். தீசிஸ் பைண்டிங்குக்குப் போகும் முந்தின நாள் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ரெஃபரன்ஸ் எல்லாம் ஏஐ-யிடம் கேட்டு வாங்கினேன். சரிபார்த்துத் தருவீர்களா?

தருவேன், ஆனால் கூட உட்கார வேண்டும். போன வருஷம் இரண்டாம் வருஷப் பிஜி மாணவி ஒருவர் 32 ரெஃபரன்ஸ் கொண்டு வந்தார். பார்க்கக் கச்சிதம். ஆசிரியர் பெயர்கள் அந்தத் துறையில் நிஜமாகவே இருப்பவர்கள். ஜர்னலும் நிஜம். கட்டுரைக்குக் கட்டுரை தனி அடையாள எண் உண்டு, டிஓஐ என்பார்கள். அதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஏழாவது திறக்கவில்லை. "சர்வர் பிரச்சினையா இருக்கும் சார்" என்றார். பதினொன்றாவது திறந்தது, மாட்டுக் குளம்பு நோய் பற்றிய கட்டுரைக்குப் போனது. அவருடைய தலைப்பு கர்ப்பகால ரத்த அழுத்தம். அதன்பின் அவர் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் முடிக்கும்போது ஒன்பது கட்டுரைகள் உலகத்திலேயே இல்லாதவை என்று தெரிந்தது. இங்கே கொண்டு வராமல், கைடு கண்ணிலும் படாமல் போயிருந்தால் தீசிஸாகி, டிஜிட்டல் களஞ்சியத்தில் ஏறி, அடுத்த ஏஐ-க்கு அதுவே பாடமாகியிருக்கும்.

அப்படி ஏறிப்போன ஒன்றைச் சொல்கிறேன். 'வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி' என்று ஒரு சொற்றொடர் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் வந்திருக்கிறது. அப்படி ஒரு மைக்ராஸ்கோப் கிடையாது. 1950-களில் வந்த ஒரு நுண்ணுயிரியல் கட்டுரையை ஸ்கேன் செய்து எழுத்தாக்கியபோது, பக்கத்தில் இருந்த இரண்டு பத்திகளைக் கம்ப்யூட்டர் ஒரே வரியாகப் படித்துவிட்டது. இடது பத்தியில் 'வெஜிடேட்டிவ்', வலது பத்தியில் 'எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி'. இன்னொரு வழியும் இருந்திருக்கலாம் என்கிறார்கள். பாரசீக மொழியில் 'ஸ்கேனிங்' என்பதற்கும் 'வெஜிடேட்டிவ்' என்பதற்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம், மொழிபெயர்ப்பில் வழுக்கியிருக்கலாம். எப்படி வந்ததோ, இப்போது ஏஐ மாதிரிகள் அதை நிஜமான சொல் என்று கற்றுக்கொண்டு திருப்பித் தருகின்றன. ஸ்கேன் செய்த அன்று ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்திருந்தால் நின்றிருக்கும். அந்த ஒருவருக்குத்தான் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் சம்பளம் ஒதுக்குவதில்லை.

தேடினால் நாலாயிரம் கட்டுரை வருகிறது, வேண்டியது மட்டும் வரவில்லை.

பப்மெட்டில் 'மெஷ்' என்று ஒரு சொல் அடுக்கு இருக்கிறது, சுமார் 30,000 தலைச்சொற்கள். நீங்கள் 'ஹார்ட் அட்டாக்' என்று போட்டாலும் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' கட்டுரைகள் வருவது அதனால்தான். ரொம்ப காலம் மனிதர்கள் கட்டுரையைப் படித்து இந்தச் சொற்களை ஒட்டினார்கள். வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் வந்து குவிவதால், 2022 ஏப்ரல் முதல் அதைக் கம்ப்யூட்டரே செய்கிறது, மனிதர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். வேகம் கூடியது. தப்பான தலைச்சொல் ஒட்டிய கட்டுரை, புத்தகத்தைத் தப்பான அலமாரியில் சொருகிய மாதிரி, இருந்தும் இல்லாததுதான். ஆகவே மெஷ் சொல்லையும் சாதாரணச் சொல்லையும் சேர்த்தே தேடுங்கள். வியாழக்கிழமை மதியம் கவுண்டருக்கு வந்தால் கற்றுத் தருகிறேன்.

பப்மெட் ஒரு நாள் மூடிவிட்டால்?

சில வருஷம் முன்பு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். பப்மெட் அமெரிக்க அரசு நடத்தும் தளம். 2025 ஜனவரி கடைசியில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி-யின் தளத்திலிருந்து பல பக்கங்களும் தரவுகளும் அரசு உத்தரவைத் தொடர்ந்து திடீரென்று காணாமல் போயின. டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், பிப்ரவரியில் நீதிபதி திரும்பப் போடச் சொன்னார். மார்ச் தொடக்கத்தில் பப்மெட் சில மணி நேரம் திறக்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறுதான். ஆனால் அந்த நேரத்தில் உலகம் முழுக்க நூலகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? ஜெர்மனியின் ஸெட்பி மெட் என்ற மருத்துவ நூலகம் மாற்று ஒன்றை உருவாக்க அந்த வருஷமே இறங்கியது. ஐரோப்பா பிஎம்சி என்ற ஐரோப்பியத் தேடல் தளம் ஏற்கெனவே இருக்கிறது, அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

பெரிய தளம் மூடுவதைவிடச் சின்ன ஜர்னல்கள் சத்தமில்லாமல் மறைவதுதான் எனக்குக் கவலை. 2000 முதல் 2019 வரை 170-க்கும் மேற்பட்ட ஓப்பன் ஆக்ஸஸ் ஜர்னல்கள் இணையத்திலிருந்தே போய்விட்டன என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 2024-இல் வெளியான இன்னொரு ஆய்வு, டிஓஐ உள்ள 74 லட்சம் கட்டுரைகளைப் பார்த்ததில் 28 சதவீதத்துக்கு எந்தப் பாதுகாப்புக் களஞ்சியத்திலும் பிரதி இல்லை என்றது. டிஓஐ இருந்தால் நிரந்தரம் என்று நாம் நினைக்கிறோம். அது வீட்டு எண் மாதிரி, வீட்டையே இடித்துவிட்டால் எண்ணை வைத்து என்ன செய்வது?

இதற்கு மருந்து பழையதுதான். ஓலை செல்லரிக்கும் முன் இன்னொரு ஓலையில் பெயர்த்தெழுதி, நாலு இடத்தில் வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தின் பெயருக்கே அர்த்தம், நிறையப் பிரதி இருந்தால் சரக்கு பத்திரம் என்பதுதான். நம் சங்கங்கள் நடத்தும் ஜர்னல்களில் எத்தனை இதில் சேர்ந்திருக்கின்றன என்று அதன் ஆசிரியர் குழுவில் இருக்கும் உங்கள் பேராசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

ஹேக் செய்துவிட்டால்?

நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரியை ரைசிடா என்ற கும்பல் முடக்கியது. பணயத் தொகை கொடுக்க நூலகம் மறுத்தது. சுமார் 600 ஜிபி தரவு வெளியே கொட்டப்பட்டது. பட்டியலை மட்டும் தேடிப் பார்க்கும் அளவுக்குத் திரும்ப ஜனவரி ஆனது. நம் பக்கத்தில் 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, ஓபி சீட்டு கையால் எழுதினார்கள். மருத்துவக் கல்லூரியில் நூலகமும் ஆஸ்பத்திரியும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பது சகஜம். நூலகக் கம்ப்யூட்டரில் கண்ட பென் டிரைவைச் சொருகாதே என்று நான் கத்துவதற்குக் காரணம் அதுதான்.

வார்டில் எடுத்த நோயாளி படங்களை நூலகத்தில் கற்பித்தலுக்கு வைக்கலாமா?

நோயாளியின் எழுத்துபூர்வ சம்மதமும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தால். "பேரை எடுத்துட்டேன் சார், கண்ணுல கறுப்புப் பட்டை போட்டுட்டேன்" என்பது போதாது. 2019-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 84 பேரின் மூளை எம்ஆர்ஐ-யிலிருந்து முகத்தை உருவாக்கி, சாதாரண முகமறியும் மென்பொருளில் போட்டார்கள். 83 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. எம்ஆர்ஐ என்றால் மூளை மட்டும் என்று நினைக்கிறோம், மூக்கும் நெற்றியும் அதில்தான் இருக்கின்றன. தலை ஸ்கேன் என்றால் முகப்பகுதியை நீக்கும் மென்பொருள் உண்டு, அதைப் போட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழில் மருத்துவ டிஜிட்டல் நூலகம் இருக்கிறதா?

நூல்கள் இருக்கின்றன. தேடினால் கிடைக்கும் நிலையில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். பாடநூல்களும் தமிழில் வந்தன. 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்'. அந்தக் கடைசிப் பெயரைப் பாருங்கள். இன்றைய மாணவர் 'வேதியியல்' என்று தேடுவார், அவருடைய தாத்தா 'ரசாயனம்' என்றிருப்பார், நூலின் பெயரோ 'கெமிஸ்தம்'. மூன்றும் ஒன்று என்று கம்ப்யூட்டருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். தமிழுக்கு ஒரு மெஷ் இல்லை. 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் 'நூலகம்' என்ற இணையதளமும், இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பது சாதாரண உழைப்பு இல்லை. ஆனால் ஸ்கேன் என்பது படம். அதற்குள் இருக்கும் சொல்லைத் தேட, எழுத்தாக மாற்றி, பிழை பார்த்து, பொருள் ஒட்ட வேண்டும்.

சித்த மருத்துவத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். படிக்கத் தெரிந்தவர் பாட்டின் போக்கை வைத்துப் பிரித்துக்கொள்வார், மென்பொருள் திணறும். எழுத்தாக்கிய பிறகு பரிபாஷை, அதாவது சித்தர்களின் மறைபொருள் சொற்கள். 'குமரி' என்று சுவடியில் வந்தால் கற்றாழை. தேடுபொறியில் போட்டால் கன்னியாகுமரிக்கு டூரிஸ்ட் பஸ் விடும். குன்றி, பலம், வராகன் எடை என்று அளவு வரும், எந்த ஊர் அளவு என்று கேட்க வேண்டும். பாதரசமும் பாஷாணமும் சேரும் மருந்தில் அளவு ஒரு எழுத்து தப்பினால் என்ன ஆகும்? இதைத் தெரிந்த சுவடிப் பண்டிதர்கள் வயதாகிக்கொண்டே வருகிறார்கள். ஸ்கேனரை அடுத்த வருஷமும் வாங்கலாம்.

இன்னொரு விசித்திரம். அமெரிக்காவில் 1995-இல் புண்ணை மஞ்சள் ஆற்றும் என்பதற்குக் காப்புரிமை கொடுத்து, இந்தியா எதிர்த்து, 1997-இல் ரத்தான கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு 2001-இல் பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகம் தொடங்கப்பட்டது. சித்த நூல்களும் அதில் உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் மாற்றி, வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்களுக்கு ஒப்பந்தத்தின் பேரில் திறந்தார்கள். திருட்டைத் தடுப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. பல வருஷம் மற்றவர்களுக்கு அது மூடியே இருந்தது. 2022 ஆகஸ்டில்தான் மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. தமிழ்ச் சுவடியில் இருந்த மருந்தை ஜப்பானிய அதிகாரி படிக்கலாம், பாளையங்கோட்டை சித்த மருத்துவ மாணவர் படிக்க முடியாது என்ற நிலையை நினைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் திறந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் பொய் இல்லை. எங்கே கோடு போடுவது என்பதில் எனக்கே இரண்டு மனம். நம் ஊர் மாணவர் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

என் தீசிஸை எப்படிக் கொடுக்க வேண்டும்?

எங்கள் பழைய அறையில் ஒரு பச்சை பீரோ இருக்கிறது. அதில் நானூறு சிடி. ஒரு காலத்தில் ஒவ்வொரு தீசிஸோடும் சிடி கொடுக்கச் சொன்னோம், அதுதான் நவீனம் என்று. இன்று கல்லூரியில் சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றுதான் மிச்சம், அதுவும் அக்கவுண்ட்ஸில். போன கோடையில் நானும் ஒரு இன்டர்னும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சிலவற்றில் பூஞ்சை பூத்திருந்தது. சிலது திறந்தும் ஃபைலைப் படிக்கும் மென்பொருள் இல்லை. ஒன்றில் தீசிஸே இல்லை, சினிமாப் பாட்டு இருந்தது. அதே தீசிஸ்களின் அச்சுப் பிரதிகள் பக்கத்து ரேக்கில் சௌக்கியமாக இருக்கின்றன.

ஆகவே இப்போது கேட்பது இவ்வளவு. ஓர் அச்சுப் பிரதி. நெடுநாள் பாதுகாப்புக்கான பிடிஎஃப்-ஏ வடிவத்தில் ஒரு ஃபைல், எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்க வேண்டும். தமிழ்ப் பகுதி இருந்தால் கட்டாயம் யூனிகோடு. பழைய எழுத்துருவில் கொடுத்தால் பத்து வருஷம் கழித்துக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நோயாளிவாரித் தரவுப் பட்டியலான மாஸ்டர் சார்ட்டை எக்செல்லில் மட்டும் வைக்காமல், எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி-யாகவும் கொடுங்கள், நோயாளி பெயரும் ஐபி எண்ணும் நீக்கி. இங்கே ஐபி என்றால் இன்பேஷண்ட் நம்பர், நெட்வொர்க் இல்லை, போன பேட்ச்சில் ஒருவர் குழம்பினார். ஃபைல் பெயரில் உங்கள் பெயர், துறை, வருஷம் இருக்கட்டும். 'ஃபைனல் ஃபைனல் 2 புதுசு' என்று எங்களிடம் ஏற்கெனவே பதினாலு இருக்கிறது.